பழைய ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்குப் போடுமுன்...

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் பாடசாலையின் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தோம். உடைந்த கதிரைகள், கறள் பிடித்த மேசைக் கால்கள், கிழிந்த வரைபடங்கள். அவற்றுக்கு நடுவே இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் ஒரு ஹோர்னும் கிடந்தன. பழைய இரும்புக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்து ஒரு விலை சொன்னார். கொடுப்பதற்கு முன் சும்மா ஒரு பெட்டியின் முன்துணியைக் கழற்றிப் பார்த்தேன். கோனைச் சுற்றியிருந்த ஸ்பொஞ்ச் வளையம் விரல் பட்டதும் பிசுபிசுவென்று உதிர்ந்தது. பின்பக்கக் காந்தமோ என் திறப்புக் கோர்வையை "டக்" என்று இழுத்துப் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் ஒரு மாமா இருக்கிறார். கல்யாண வீடு, விளையாட்டுப் போட்டி, மீலாத் விழா என்று முப்பது நாற்பது வருடம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர், பழுதானதைத் தானே திருத்தியவர். இப்போது எழுபது தாண்டிவிட்டது, கண்ணும் மங்கல். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு டோர்ச் பற்றரியை எடுத்து, இரண்டு வயர்த் துண்டால் ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டார். "டப்" என்று ஒரு சத்தம்.

"மகன், இது உசிரோடதான் இருக்கு. ஸ்பொஞ்ச்தான் போயிருக்கு."

"அந்த ஸ்பொஞ்ச் இப்ப கிடைக்குமா மாமா?"

"ஸ்பொஞ்ச் கிடைக்கும். இதுட அளவுதான் கிடைக்காது. பின்னால இருந்த ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சே."

சரித்திரம் படிப்பிக்கிறவன் நான். அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது. அன்றிரவு தொடங்கி இரண்டு வாரம் ஒலிபெருக்கிகளின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். வாசித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்ததுதான். ஒரு காந்தம், அதன் இடைவெளிக்குள் ஒரு மெல்லிய கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கடதாசிக் கோன். சுருளில் மின்னோட்டம் மாற, அது முன்னும் பின்னும் ஆடுகிறது. கோன் காற்றைத் தள்ளுகிறது, நமக்குச் சத்தம் கேட்கிறது. கோன் நேராக ஆடுவதற்கு வெளி விளிம்பில் ஒரு வளையம், உள்ளே சுருளைப் பிடிக்க ஒரு நெளிவுத் துணி. அந்தத் துணியைத் திருத்துகிறவர்கள் "ஸ்பைடர்" என்பார்கள். காந்தமும் இரும்புச் சட்டமும் நூறு வருடம் போகும். கடதாசி, ஸ்பொஞ்ச், பசை இந்த மூன்றும் போகாது. எந்தக் கம்பனி செய்தாலும் இதுதான் ஸ்பீக்கரின் விதி.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிட்ஹாம் என்ற இருவர் 1915இல் தங்கள் ஒலிபெருக்கியைப் பகிரங்கமாக இயக்கிக் காட்டினார்கள். அவர்கள் வைத்த பெயர் மக்னவொக்ஸ். லத்தீனில் "பெருங்குரல்" என்று அர்த்தம். 1919இல் ஜனாதிபதி வில்சன் சான் டியேகோ மைதானத்தில் ஆயிரக்கணக்கான சனங்களுக்கு முன் பேசியது அவர்களுடைய கருவி வழியாகத்தான். இன்று நாம் பாவிக்கும் கோன் ஸ்பீக்கரின் அமைப்பை 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்ற இரு பொறியியலாளர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையில் வெளியிட்டார்கள்.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். கொழும்பு வானொலி தொடங்கியதும் 1925 டிசம்பர் 16ஆம் திகதிதான். அதற்கு முன் 1924இல் தந்தித் திணைக்களத்தின் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய ஆட்களும் மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார்கள். அதற்கு அவர்கள் பாவித்த ஒலிபரப்புக் கருவி, முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோச் சாமான்களைக் கொண்டு இங்கேயே கட்டப்பட்டது. ஆசியாவிலேயே பழமையான வானொலிகளில் ஒன்று என்று நாம் பெருமைப்படுகிறோம். அதன் தொடக்கமே யாரோ கழித்துவிட்ட சாமானில் இருந்துதான்.

அந்தக் காலத்து ஸ்பீக்கர்களில் நிலையான காந்தம் பெரும்பாலும் கிடையாது. போதிய பலமுள்ள காந்தம் அப்போது கிடைக்கவில்லை. கனமான கம்பிச்சுருளுக்கு மின்சாரம் கொடுத்து மின்காந்தமாக்கினார்கள். பழைய வால்வு ரேடியோக்களில் இந்தச் சுருள் இன்னொரு வேலையும் செய்தது. ரேடியோவின் மின்வழங்கலில் இரைச்சலை வடிகட்டியதும் அதுதான். அதனால் சுருள் ஒரு இடத்தில் அறுந்தால் ஸ்பீக்கர் மட்டுமல்ல, முழு ரேடியோவும் ஊமை. யாராவது வீட்டில் பாட்டனார் காலத்து ரேடியோ இருந்தால் ஒரு வார்த்தை: சும்மா ப்ளக்கில் குத்திப் பார்க்காதீர்கள். உள்ளே 200, 300 வோல்ட் ஓடும். தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சினிமா பேசத் தொடங்கியபோது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பனி 1926இல் "555" என்ற யூனிட்டைக் கொண்டுவந்தது. மெல்லிய அலுமினிய மென்றகடு, விளிம்பில் நிற்கவைத்துச் சுற்றிய அலுமினியப் பட்டைச் சுருள், ஆளுயரத்தையும் தாண்டும் பெரிய ஹோர்ன். கம்பனி இவற்றைத் தியேட்டர்களுக்கு விற்கவில்லை, வாடகைக்குத்தான் கொடுத்தது. காலம் போக வெஸ்டர்ன் எலக்ட்ரிக் அந்தத் தொழிலை விட்டு விலகியது. அதன் தியேட்டர்ப் பராமரிப்பு வேலையைப் பொறுப்பெடுத்தவர்கள் தொடங்கிய கம்பனிதான் ஆல்டெக். "எல்லாத் தொழில்நுட்பச் சேவைகளும்" என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அந்தப் பெயர் என்பார்கள். பழைய தியேட்டர்கள் மூடப்பட்டபோது அந்த ஹோர்ன்கள் பல குப்பைக்குப் போயின. மிஞ்சியவற்றை ஜப்பான், கொரியா, ஹொங்கொங் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். அமெரிக்கர்கள் வீசியதன் அருமை ஆசியாக்காரர்களுக்குத்தான் முதலில் விளங்கியது. இன்று ஜப்பானின் ஜி.ஐ.பி. லபோரட்டரி அந்த யூனிட்களைப் பார்த்து அதே மாதிரி புதிதாகச் செய்கிறது.

சரி, பழைய ஸ்பீக்கருக்கு ஏன் சாமான் கிடைக்காமல் போகிறது? நான் வாசித்தவரையில் நாலு காரணங்கள்.

முதலாவது, சாமான் தானாகவே அழிவது. 1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றடைத்த சிறிய பெட்டிக்குள்ளேயே ஆழமான பேஸ் சத்தம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் ஒரு ஆசிரியர். தன்னிடம் படித்த ஹென்றி குளொஸ் என்ற மாணவரோடு சேர்ந்து ஏ.ஆர். கம்பனியைத் தொடங்கினார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்த காரியம் என்பதால் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். அவர்களுடைய ஆரம்ப ஸ்பீக்கர்களில் விளிம்பு வளையம் பசை பூசிய துணி. அந்தத் துணி இன்றும் இருக்கிறது. பிறகு 1970களில் பல கம்பனிகள் பொலியூரிதேன் ஸ்பொஞ்சுக்கு மாறின. மெதுவானது, லேசானது, சத்தமும் நல்லது. ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதமும் வெயிலும் அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். பத்து முதல் இருபது வருடத்தில் பிசின் மாதிரி ஆகிவிடும். குளிர் நாட்டிலேயே இந்தக் கதி என்றால், கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் சொல்லவா வேண்டும்? எங்கள் பாடசாலை ஸ்பீக்கருக்கு நடந்தது இதுதான்.

இரண்டாவது, மூலப்பொருளின் விலை. மின்காந்தத்துக்குப் பின் வந்தது அல்னிகோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த கலப்புலோகம். கோபால்ட்டின் பெரும்பகுதி அப்போது சயரிலிருந்து, அதாவது இன்றைய கொங்கோவிலிருந்து வந்தது. 1978 மே மாதம் கிளர்ச்சியாளர்கள் அங்குள்ள கொல்வேசி சுரங்க நகரத்துக்குள் புகுந்தார்கள். கோபால்ட் விலை சில மடங்கு ஏறியது. ஜே.பி.எல். உட்பட ஸ்பீக்கர்க் கம்பனிகள் அல்னிகோவைக் கைவிட்டு மலிவான ஃபெரைட் காந்தத்துக்கு ஓடின. காந்தம் மாறினால் சட்டம் மாறும், இடைவெளி மாறும், சில வேளை சுருளும் மாறும். ஆபிரிக்காவில் ஒரு சுரங்க நகரத்தில் நடந்த சண்டை, அமெரிக்காவில் ஒரு ஸ்பீக்கரின் உருவத்தையே மாற்றியது. இன்று உங்கள் கையிலிருக்கும் ஃபோன் பற்றரிக்கும் கோபால்ட் வருவது பெரும்பாலும் அதே நாட்டிலிருந்துதான்.

மூன்றாவது, எங்கோ இருக்கும் ஒரு சின்ன வழங்குநர் நின்றுபோவது. யமஹா 1978இல் என்.எஸ்.-10 என்ற சிறிய ஸ்பீக்கரை வீட்டுப் பாவனைக்கு விட்டது. வீட்டில் எடுபடவில்லை. ஆனால் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதுவே அளவுகோல் ஆனது. கறுப்புப் பெட்டியில் வெள்ளைக் கோன். பார்த்தால் ஞாபகம் வரும். 2001இல் யமஹா அதை நிறுத்தியது. காரணம் விற்பனை குறைந்தது அல்ல. அந்த வெள்ளைக் கோன் செய்யும் மரக்கூழ் இனிக் கிடைக்காது என்றார்கள். அவ்வளவு பெரிய கம்பனி, ஒரு வகைக் கடதாசிக் கூழ் இல்லாமல் கையை விரித்தது.

நாலாவது, தொழிற்சாலை மூடி வரைபடம் தொலைவது. ஆல்டெக்கின் ஒக்லஹோமா தொழிற்சாலை 1990களின் இறுதியில் முடிவுக்கு வந்தது. அங்கே வேலை செய்த ஒருவர் கம்பனியின் இயந்திரங்களையும் அச்சுகளையும் வாங்கி, அதே நகரத்தில் கிரேட் பிளெய்ன்ஸ் ஓடியோ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அதனால்தான் எழுபது வருடப் பழைய ஆல்டெக் யூனிட்டுக்கும் சரியான சாமான் செய்ய முடிந்தது. அந்த அச்சுகளைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால்?

இதே மாதிரி இன்னொரு கதை. பி.பி.சி. தன் வெளிக்கள ஒலிபரப்பு வான்களுக்காக 1970களில் எல்.எஸ். 3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தது. அதற்கு யூனிட் கொடுத்தது இங்கிலாந்தின் கெஃப் கம்பனி. கெஃப் அந்த யூனிட்களை நிறுத்தியதும் ஸ்பீக்கரும் நின்றது. பல வருடங்களுக்குப் பிறகு, அவற்றைக் கெஃப்பில் முதலில் வடிவமைத்த மல்கம் ஜோன்ஸ் ஃபால்கன் அகூஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து அவற்றைத் திரும்ப உருவாக்கினார். பழைய பிளாஸ்டிக் கோனின் மேல் பூசும் பூச்சு வரை அவருக்குத் தெரிந்திருந்தது. வேலை தெரிந்தவர் உயிரோடு இருந்தார், கேட்பதற்கு ஆளும் இருந்தது. அதனால் முடிந்தது.

இந்தக் கதைகளை எல்லாம் வைத்துப் பார்த்தால் மாமா சொன்னதுதான் சரி. ஸ்பொஞ்ச் கிடைக்கும், கடதாசி கிடைக்கும், கம்பியும் கிடைக்கும். அளவு தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

இதை நான் என் சொந்தத் தவறால் படித்தேன். அவசரப்பட்டு, அடிமட்டத்தால் குத்துமதிப்பாக அளந்து, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எட்டு அங்குல ஸ்பொஞ்ச் வளையம் ஒன்று வாங்கிவந்தேன். எட்டு அங்குலம் என்றால் எட்டு அங்குலம் என்றுதான் நினைத்தேன். அது சட்டத்தின் அளவு. கோனின் விட்டம் கம்பனிக்குக் கம்பனி மாறும் என்று எனக்குத் தெரியாது. வளையம் கோனுக்குள் தொங்கியது. இழுத்து ஒட்டினேன். சுருள் காந்தத்தில் உரசி "கர கர" என்றது. மாமா பார்த்துச் சிரித்தார். "அவசரக்காரனுக்கு ரெண்டு வேலை மகன்."

பிறகு அவரே செய்து காட்டினார். பழைய பசையை முழுதாகச் சுரண்டினார். கோனின் நடுவிலுள்ள மூடியை பிளேடால் மெதுவாக எடுத்தார். பழைய எக்ஸ்ரே படத்தை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே சுற்றிவரச் செருகினார். அந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றரும் இல்லை. கீற்றுகள் சுருளை நடுவில் பிடித்திருக்க, சரியான அளவு வளையத்தை ஒட்டி ஒரு நாள் காயவிட்டோம். கீற்றுகளை உருவியதும் கோன் சத்தமில்லாமல் ஆடியது. இரண்டாவது பெட்டியின் சுருள் எரிந்திருக்கிறது. அதை வீசவில்லை, எடுத்து வைத்திருக்கிறோம்.

ஹோர்ன்? அதில் பழுதே இல்லை. அது நீண்ட வயருக்கான 100 வோல்ட் ட்ரான்ஸ்போமர் உள்ள வகை. யாரோ அதைச் சாதாரண அம்ப்ளிபயரில் கொழுவி, சத்தம் குறைவு என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் "செத்துப்போச்சு" என்று கிடக்கும் ஹோர்ன்கள் சிலவற்றின் கதை இதுவாகவும் இருக்கலாம். உண்மையாகவே மென்றகடு போயிருந்தாலும் பரவாயில்லை. இந்தியாவின் அஹூஜா, ஜப்பானின் டோவா போன்ற பரவலான ஹோர்ன்களுக்கு மாற்று டயஃப்ரம் வாங்கலாம்.

ஒரு விஷயத்தில் கவனம். அதே அளவில் புதிதாகச் செய்து "இது புதிது" என்று சொல்லி விற்பது ஒன்று. மட்டமானதைச் செய்து ஒரிஜினல் ஸ்டிக்கர் ஒட்டி விற்பது இன்னொன்று. பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை. முதலாவது வியாபாரம், இரண்டாவது ஏமாற்று. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இனி இந்தப் பதிவு எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன்.

மாமாவிடம் ஒரு பழைய சீ.ஆர். கொப்பி இருக்கிறது. அவர் திருத்திய ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பக்கம்: பெயர், இலக்கம், சுருளின் விட்டம், கம்பியின் கேஜ், எத்தனை சுற்று, எத்தனை அடுக்கு, எந்தப் பசை பிடித்தது, எது பிடிக்கவில்லை. பெருநாளைக்கு முந்திய இரவு ஹோர்ன் எரிந்து விடிய விடியச் சுருள் சுற்றிய கதையும் ஒரு ஓரத்தில் இருக்கிறது. முன்பக்கங்கள் சிலவற்றைக் கறையான் தின்றுவிட்டது. ஆல்டெக்கின் அச்சுகளும் மல்கம் ஜோன்ஸின் ஞாபகமும் அவர்களுக்கு எப்படியோ, நமக்கு அந்தக் கொப்பி அப்படி. எங்கள் தரம் 10 பிள்ளைகள் நாலு பேர் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் போய் அதை வேறு கொப்பியில் எழுதி எடுக்கிறார்கள். எழுத்து விளங்காத இடத்தில் மாமாவிடம் கேட்கிறார்கள். அவர் இருக்கும்போதுதான் கேட்கலாம்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வீட்டிலோ கடையிலோ பள்ளிவாசல் மேல்மாடியிலோ பழைய ஸ்பீக்கர் கிடந்தால், நிறுத்துக் கொடுக்க முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஒன்று: பின்பக்கத்தையும் காந்தத்திலுள்ள எழுத்து இலக்கங்களையும் ஃபோனில் படம் எடுங்கள்.

இரண்டு: மல்டிமீற்றர் இருந்தால் முனைகளின் தடையை அளந்து எழுதுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஐந்தரை முதல் ஏழு வரை காட்டினால் சுருள் நலம். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது.

மூன்று: கோனின் விட்டம், வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், நெளிவின் அகலம் எல்லாவற்றையும் மில்லிமீற்றரில் அளவுங்கள். என்னைப் போல் அங்குலத்தில் குத்துமதிப்பாக வேண்டாம்.

நாலு: உதிர்ந்த வளையத் துண்டுகளை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ஸ்பீக்கரோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். இனிச் செய்யப்போகிறவனுக்கு அதுதான் மாதிரி.

ஐந்து: உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மாமாவோ காக்காவோ நானாவோ இருப்பார். ஒரு கொப்பியோடு போய், ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

போன திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் கிராஅத் ஓதிய பிள்ளையின் குரல் அந்தப் பழைய மரப்பெட்டியிலிருந்துதான் வந்தது. பிள்ளைகளுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. மாமா மட்டும் கேற்றடியில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டார்.

"அளவை எழுதி வெச்சியா மகன்?"

எழுதி வைத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பதையும் அளந்து கீழே பதிவிடுங்கள். எழுத எழுத நம் ஊருக்கென்று ஒரு கொப்பி சேரும், இன்ஷா அல்லாஹ்.